ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் சிக்காத 'கவர்': கபடித் தேர்வில் எதை அளக்கிறோம்?

திருப்புட்குழி மாதிரியான ஓர் ஊரில், தறி ஓடும் வீட்டிலோ ஒரகடம் ஷிப்டு பஸ் பிடிக்கும் வீட்டிலோ பிறந்த பதினான்கு வயதுப் பையனுக்கு விளையாட்டு விடுதியில் கிடைக்கும் ஓர் இடம் சின்ன விஷயம் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, தங்க இடம், பயிற்சியாளர், மேட், ஷூ எல்லாம் அங்கே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு மாவட்டம், மாநிலம், பல்கலைக்கழகம் என்று ஏறினால், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடு, போலீஸ், ரயில்வே, வங்கி என்று ஒவ்வொரு கதவாகத் தட்டலாம். புரோ கபடி ஏலம் அதற்கும் மேலே இருக்கும் கனவு. ஆனால், முதல் படியில் கால் வைப்பானா மாட்டானா என்பதைப் பல நேரம் ஒரே ஒரு காலைப் பொழுது முடிவுசெய்துவிடுகிறது. ஒரு விசில், ஒரு டேப், ஒரு ஸ்டாப்வாட்ச்.

அந்தக் காலையில் நாம் எதை அளக்கிறோம்? பெரும்பாலும் ஓட்டக்காரனைத்தான் தேடுகிறோம் என்பது என் கருத்து. ரைடர் எப்படியும் கண்ணில் பட்டுவிடுவான். புள்ளி எடுப்பவனைப் பார்க்காமல் போகிறவர் யாரும் இல்லை. பிடிக்கிற பையன்தான், அதாவது கார்னரும் கவரும்தான், தவறிப்போகிறான். அவனுக்கான அளவுகோல் மைதானத்துக்கே வருவதில்லை.

இப்போது இருப்பது என்ன?

பள்ளிப் பிள்ளைகளுக்கான கேலோ இந்தியா உடற்தகுதி மதிப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்புக்கு மேல் பிஎம்ஐ, 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து குனிந்து விரலை எட்டுவது, வயிற்றுத் தசைக்கான பாதி எழுச்சி, புஷ்-அப். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு ஒற்றைக் காலில் நிற்பது, தட்டை மாற்றி மாற்றித் தட்டுவது. நல்ல பட்டியல்தான். ஒரு குழந்தை ஆரோக்கியமாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளப் போதும். ஆனால், நாலாம் வகுப்புக்கு மேற்பட்ட பட்டியலில் திசை மாற்றி ஓடும் சோதனை ஒன்றுகூட இல்லை. நம் மாநிலத்தின் உலகத் திறனாய்வுத் திட்டமும் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்றே போகிறது. அது தடகளப் பிள்ளைகளைக் கண்டெடுக்க வந்த திட்டம். தன் வேலையை அது செய்கிறது. அதன் நேரப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கபடி ஆட்டக்காரனைத் தேடினால்தான் சிக்கல்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், நம் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஷட்டில் ரன், இலினாய்ஸ் டெஸ்ட், டி-டெஸ்ட் எல்லாம் படித்துப் பரீட்சை எழுதிவிட்டுத்தான் அவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். புத்தகத்தில் இருப்பது தேர்வு நாளன்று மைதானத்துக்கு வருவதில்லை. முந்நூறு பேர் வந்து நிற்கும்போது நேர்கோட்டில் ஓடவிடுவது சுலபம். அவ்வளவுதான் காரணம்.

ஆறரை மீட்டருக்குள் ஒரு வாழ்க்கை

ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் அணிக்குக் கிடைப்பது 6.5 மீட்டர். பெண்களுக்கு மொத்தமே 12க்கு 8. ஒரு பையன் 50 மீட்டரில் முழு வேகம் பிடிப்பதற்குள் பாதித் தூரம் போயிருப்பான். கபடியின் அரைக்களம் அதற்குள் நாலு தடவை முடிந்துபோயிருக்கும். கவர் ஆட்டக்காரன் வாழ்நாளில் ஒருமுறைகூட களத்துக்குள் 50 மீட்டர் நேராக ஓடப்போவதில்லை.

அவன் செய்வது வேறு. முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, பக்கத்தில் இருப்பவனின் கையைப் பிடித்தபடி, ரைடரின் கால் எங்கே போகிறதோ அதோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்கிறான். அரை அடி, ஓரடி, மறுபடி அரை அடி. "காலைக் குறுக்கே போடாதடா" என்று பயிற்சியாளர் கத்துவது இதற்குத்தான். கால் குறுக்கே போன அந்த ஒரு நொடியில் ரைடர் எதிர்த்திசையில் கிளம்பிவிட்டால், இவன் உடம்பு இவன் சொல்வதைக் கேட்காது. ரைடர் போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பும்போது இவன் முன்னே பாய வேண்டும். பாய்ந்தவன் டேஷ் அடித்து வெளியே தள்ளலாம், பிளாக் போடலாம், தொடையைக் கட்டலாம். ரைடர் ஏமாற்றினால் பாய்ந்த உடம்பையே பிரேக் போட்டு நிறுத்தி, பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ரைடுக்கு 30 விநாடி. அதற்குள் இந்த நிறுத்தலும் கிளம்பலும் பத்துப் பன்னிரண்டு தடவை நடந்துவிடும்.

திருப்புட்குழிக்காரர்களுக்கு இதை விளக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. விஜயராகவப் பெருமாள் கோயிலின் கீல் குதிரை வாகனம். மூட்டுக்கு மூட்டு கீல் வைத்துச் செய்தது. புறப்பாட்டின்போது நிஜக் குதிரை போலவே அசையும் என்பார்கள். அதைச் செய்த தச்சர் இன்னொன்று செய்து தர மறுத்துவிட்டார் என்றொரு கதையும் உண்டு. மரம் கனமானதுதான். கனமான மரத்தைக் குதிரையாக்குவது அந்தக் கீல்கள். கவர் ஆட்டக்காரனிடம் நாம் தேட வேண்டியதும் அதையேதான்: எடை இருக்க வேண்டும், அந்த எடைக்குள் இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் கீல் போலத் திரும்ப வேண்டும். எடையை மட்டும் நிறுத்தினால் மரம் கிடைக்கும். வேகத்தை மட்டும் அளந்தால் முதல் டச்சிலேயே ரைடரோடு சேர்ந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் போகிற பையன் கிடைப்பான்.

140 கிலோ ஆட்களுக்கு அமெரிக்கா வைக்கும் பரீட்சை

இந்தக் கேள்வியை மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்ட விளையாட்டு ஒன்று இருக்கிறது: அமெரிக்கன் ஃபுட்பால். அதில் 'ஆஃபன்சிவ் லைன்' என்று ஐந்து பேர். சராசரியாக 140 கிலோ எடை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர்கள் வேலை இல்லை. ஸ்கோர் போர்டில் அவர்கள் பெயர் வராது. பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக்கை மூன்று நொடி காப்பாற்ற வேண்டும். எதிரே பாய்ந்து வருகிறவனுக்கு முன்னால் பக்கவாட்டிலும் பின்னாலும் சின்னச் சின்ன அடி வைத்து, இடுப்பைத் தாழ்த்தி, கையால் பிடித்து நிறுத்த வேண்டும். நம் கவரின் சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் காக்கிறார், இன்னொருத்தர் மறிக்கிறார். உடம்புக்கு வேலை ஒன்றுதான்.

ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டுக்கு முன்னால், இண்டியானாபொலிஸ் நகரில் 'கம்பைன்' என்ற உடல்திறன் தேர்வு நடக்கிறது. 1987 முதல் அங்கேதான். தொலைக்காட்சியில் பிரபலமானது 40 கெஜ ஓட்டம், அதாவது சுமார் 36.6 மீட்டர். ஆனால், லைன்மேன்களைப் பார்க்க வருகிறவர்கள் முதல் 10 கெஜத்துக்கு எவ்வளவு பிடித்தது என்பதைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். அப்புறம் இரண்டு சோதனைகள். ஒன்று 5-10-5 ஷட்டில்: நடுவில் நின்று ஒரு பக்கம் 5 கெஜம், திரும்பி மறுபக்கம் 10 கெஜம், மறுபடி நடுவுக்கு 5 கெஜம். இன்னொன்று 'த்ரீ-கோன்': எல் வடிவில் வைத்த மூன்று கூம்புகளைச் சுற்றி வளைந்து ஓடுவது. முன்னது நின்று திரும்புவதை அளக்கிறது, பின்னது வேகத்தை விடாமல் வளைவதை.

2011இல் ஜேசன் கெல்சி என்றொருவர் வந்தார். எடை 127 கிலோ. அந்த இடத்துக்கு ஒல்லிப்பிச்சான். ஆனால், 5-10-5 ஷட்டிலை 4.14 விநாடியில் முடித்தார். சாதாரணமாக லைன்மேன்கள் 4.7, 4.8 என்று எடுப்பார்கள். எடையைப் பார்த்துப் பயந்த அணிகள் அவரை ஆறாவது சுற்றுவரை விட்டுவைத்தன. 191ஆவது ஆளாக பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்தது. 13 சீசன் ஆடி, சூப்பர் பவுல் வென்று, தன் காலத்தின் தலைசிறந்த சென்டர்களில் ஒருவர் என்ற பெயரோடு 2024இல் ஓய்வுபெற்றார். ஸ்டாப்வாட்ச் உண்மை சொன்னது. தராசை நம்பியவர்கள் கோட்டை விட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் நான் சொல்வது சௌகரியமாக முடிந்துவிடும். ஆனால் 2018இல் ஆர்லாண்டோ பிரவுன் ஜூனியர் வந்தார். 40 கெஜம் 5.85 விநாடி. நின்ற இடத்தில் குதித்த உயரம் 19.5 அங்குலம். பெஞ்ச் பிரஸ் 14 முறை. கம்பைனின் மோசமான நாள்களில் ஒன்று என்று ஊரே சிரித்தது. முதல் சுற்றில் போக வேண்டியவர் என்று பேசப்பட்ட ஆள் 83ஆவது இடத்துக்குச் சரிந்தார். அடுத்த சில ஆண்டுகளில் நாலு முறை புரோ பவுலுக்குத் தேர்வானார். 2023 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டி அணியோடு சூப்பர் பவுல் வென்றார். அவருடைய நீண்ட கையும், பிரம்மாண்ட உடம்பும், எதிராளி எங்கே வருவான் என்று முன்கூட்டியே போய் நிற்கும் புத்தியும் எந்தக் கூம்பைச் சுற்றியும் அளக்க முடியாதவை.

அதே 2018இல்தான், ரக்பி மட்டுமே ஆடியிருந்த, அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் ஒன்றில்கூட இறங்காத ஆஸ்திரேலியர் ஜோர்டன் மைலாட்டாவை ஈகிள்ஸ் அணி 233ஆவது ஆளாக எடுத்தது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு சுறுசுறுப்பாக நகர்ந்ததைப் பார்த்து எடுத்த முடிவு. பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று அவர் அந்த அணியின் லெஃப்ட் டேக்கிள்.

மூன்று கதையும் மூன்று திசையில் இழுக்கின்றன. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது இதுதான்: சுறுசுறுப்புச் சோதனை ஒரு பையனைக் கண்டுபிடிக்க உதவும், ஒரு பையனைத் தூக்கி எறிய அதைப் பயன்படுத்தக் கூடாது. சல்லடையில் எது தங்கினாலும் எடுத்துப் பார்க்கலாம். கீழே விழுந்ததெல்லாம் உமி என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

எடையைச் சேர்க்காமல் நேரத்தைப் படிக்காதீர்கள்

கற்பனையாக இரண்டு பையன்கள். ஒருவன் 62 கிலோ, 5-10-5 ஷட்டிலை 4.7 விநாடியில் முடிக்கிறான். இன்னொருவன் 78 கிலோ, 4.9 விநாடி. தேர்வுப் பட்டியலில் முதல் பையன் மேலே இருப்பான். கொஞ்சம் கணக்குப் போடலாம். மொத்தத் தூரம் 20 கெஜம், சுமார் 18.28 மீட்டர். முதல் பையனின் சராசரி வேகம் விநாடிக்கு 3.89 மீட்டர், எடையால் பெருக்கினால் 241. இரண்டாவது பையன் 3.73 மீட்டர்; பெருக்கினால் 291. அதாவது ஒவ்வொரு திருப்பத்திலும் ஏறக்குறைய 20 சதவீதம் அதிக உந்தத்தை நிறுத்தி எதிர்த்திசைக்குத் திருப்புகிறான். டேஷ் அடிக்க எனக்கு யார் வேண்டும் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன்.

அமெரிக்காவில் கென்ட் லீ பிளாட் என்பவர் உருவாக்கிய 'ரிலேட்டிவ் அத்லெட்டிக் ஸ்கோர்' இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்க்கிறது. ஒருவரின் உயரம், எடை, ஓட்டம், தாண்டுதல், திரும்புதல் எல்லாவற்றையும் 1987 முதல் அதே இடத்தில் ஆடியவர்களோடு மட்டும் ஒப்பிட்டு, 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். கவரைக் கவரோடு, கார்னரைக் கார்னரோடு ஒப்பிடுவது போல. இதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம். ஆண்டாண்டாகக் குறித்துவைத்த நோட்டுதான் வேண்டும். நம்மிடம் இல்லாதது அந்த நோட்டு.

கபடியில் எடைக்கு உச்சவரம்பு இருப்பது இன்னொரு முடிச்சு. சீனியர் ஆண்களுக்கு 85 கிலோ, ஜூனியர் பையன்களுக்கு 70. வரம்புக்கு ஒரு கிலோ கூடுதலாக நிற்கும் பையன், முந்தின நாள் தண்ணி குடிக்காமல், சாப்பிடாமல், வெயிலில் ஓடி எடையை இறக்கிவிட்டு வந்து நிற்பான். அவனை அப்படியே ஸ்டாப்வாட்ச் முன்னால் நிறுத்தினால் வருகிற நேரம் அவனுடைய நேரமே கிடையாது. எடை பார்ப்பதையும் சோதனையையும் ஒரே காலையில் வைக்காமல் இருந்தாலே பாதி அநியாயம் தீரும்.

கால் திரும்புவது பாதி, கண் திரும்புவது பாதி

கூம்பைச் சுற்றி ஓடுவதை 'அஜிலிட்டி' என்று எல்லோரும் சொல்கிறோம். விளையாட்டு அறிவியலில் ஷெப்பர்ட், யங் என்ற இருவர் 2006இல் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு தூண்டலைக் கண்டு அதற்கேற்ப உடம்பின் வேகத்தையோ திசையையோ சட்டென மாற்றுவதுதான் அஜிலிட்டி. எங்கே திரும்ப வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் அது வெறும் திசைமாற்றம். கூம்பு ஏமாற்றாது. ரைடர் ஏமாற்றுவார்.

இந்த வித்தியாசத்துக்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்தவர். 2016இல் புரோ கபடியின் நாலாவது சீசனில் பட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன். 2019இல் அரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன், வயது 44. எதிரே வந்த ரைடர்களில் பலர் அவருக்கு மகன் வயது. எந்தக் கூம்பு ஓட்டத்திலும் அவர்கள் இவரை முந்தியிருப்பார்கள். ஆனால், அந்த வயதிலும் கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்தார். எந்தக் காலில் எடை இருக்கிறது, எந்தக் கால் சும்மா நீட்டப்படுகிறது என்று படிக்கத் தெரிந்தவருக்கு அரை நொடி கடனாகக் கிடைக்கிறது.

2018 ஆசிய விளையாட்டில் இந்தியா ஈரானிடம் அரையிறுதியில் 18-27 என்று தோற்றதை மறந்திருக்க மாட்டோம். 1990இல் கபடி ஆசிய விளையாட்டுக்குள் வந்ததிலிருந்து ஆண்கள் தங்கத்தை இந்தியா விட்டுக்கொடுத்ததே இல்லை; அன்று போனது. ஈரானின் பிடி ஆட்டத்துக்குப் பின்னால் மல்யுத்தத்தில் ஊறிய உடம்புகள் இருந்தன. இடுப்பைத் தாழ்த்தி எதிராளியின் எடை எங்கே சாய்கிறது என்று தொட்டே தெரிந்துகொள்ளும் பழக்கம். ஃபசல் அத்ராச்சலியும் முகமதுரேசா ஷாட்லூயியும் புரோ கபடி ஏலத்தில் கோடிகளுக்குப் போயிருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

ஆகவே கூம்புச் சோதனையோடு நிறுத்தக் கூடாது. அதே 5-10-5ஐ, எந்தப் பக்கம் கிளம்ப வேண்டும் என்று சொல்லாமல், எதிரே நிற்கும் ஒருவர் கை காட்டும் திசையில் ஓடவிடலாம். இன்னும் நல்லது, ஒரு ரைடரையே எதிரே நிறுத்தி, அவர் தோளைக் காட்டிக் காலை மாற்றிப் போடுவதற்கு இவன் எப்படி நகர்கிறான் என்று பார்ப்பது. முதல் சோதனையில் 4.7 எடுத்த பையன் இரண்டாவதில் 5.3 எடுக்கலாம். 4.9 எடுத்தவன் 5.1லேயே முடிக்கலாம். இரண்டு நேரத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் கண்ணின் வேகம். கவருக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எண் இல்லை.

ஸ்டாப்வாட்சும் பொய் சொல்லும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கட்டைவிரலால் அமுக்கும் கடிகாரத்தில் ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு பத்தில் ஒரு விநாடி வித்தியாசம் வரும். தடகளத்தில் கையால் எடுத்த 100 மீட்டர் நேரத்தோடு 0.24 விநாடி கூட்டித்தான் மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவார்கள். ஐந்து விநாடிகூட ஓடாத சோதனையில் 4.81க்கும் 4.86க்கும் நடுவே கோடு கிழித்து ஒருத்தனை உள்ளே, ஒருத்தனை வெளியே என்பது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்குச் சமம். செல்போனை ஸ்டாண்டில் வைத்து வீடியோ எடுத்து பிரேம் பிரேமாக எண்ணினால் பிழை சாதாரண வீடியோவிலேயே முப்பதில் ஒரு விநாடிக்குள் அடங்கிவிடும். இன்று எந்தப் பள்ளியில் ஆசிரியர் கையில் செல்போன் இல்லை?

அப்புறம் தரை. ஊரில் மண்ணில் வெறுங்காலில் ஆடிப் பழகியவன் தேர்வன்று மேட்டில் ஏறினால் வழுக்கும். அல்லது யாரிடமோ கடன் வாங்கிய ஷூ கடிக்கும். இருபது நிமிடம் பழகவிட்டு, இரண்டு வாய்ப்புக் கொடுத்து, நல்லதை எடுத்துக்கொள்ளலாம்.

வயதும் உண்டு. பதின்மூன்று வயதில் மீசை அரும்பியவனும் அரும்பாதவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஜனவரியில் பிறந்தவனுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனுக்கும் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம். திடீரென்று உயரம் போடும் ஆறேழு மாதத்தில் பையன்கள் தட்டுத்தடுமாறி நடப்பதைத் தாய்மார்கள் அறிவார்கள். அந்த மாதங்களில் திரும்பும் நேரம் கெட்டுப்போகும். அன்று அளந்துவிட்டு "இவனுக்குக் கால் வராது" என்று எழுதினால், ஒரு வருடத்தில் சரியாகப்போகிற சங்கதிக்கு ஆயுள் தண்டனை கொடுத்த மாதிரி. பெண் பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி முன்னதாகவே வந்துவிடும் என்பதால் அவர்களுக்கான அட்டவணையே தனியாக வேண்டும்.

"என் கண்ணுக்குத் தெரியாததா?"

பழைய பயிற்சியாளர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். "ஒரு பையன் நிக்கற தோரணையப் பார்த்தாலே சொல்லிடுவேன் சார், கூம்பு எதுக்கு?" அவர்கள் சொல்வதில் நியாயம் நிறைய. கே.பாஸ்கரன் போன்றவர்களின் கண்ணை எந்த இயந்திரமும் மாற்றீடு செய்யாது. மணத்தி கணேசன் காலத்தில் கூம்பு வைத்தா தேர்வு செய்தார்கள்? 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் அவர் இருந்தார், அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற அணிகளில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். கண்ணகி நகரில் ஒரு பிள்ளையைத் தினமும் பார்த்துப் பார்த்து வளர்த்த கண் அது.

தினமும் பார்க்கும் கண் வேறு, ஒரு காலைப் பொழுது மட்டும் பார்க்கும் கண் வேறு. முந்நூறு பேர் வரிசையில் நிற்கும்போது எந்தக் கண்ணும் களைத்துப்போகும். களைத்த கண் உயரமானவனைப் பார்க்கும், ஏற்கெனவே பெயர் கேள்விப்பட்ட கிளப்பின் பனியனைப் பார்க்கும், ரைடில் சத்தமாக இரண்டு புள்ளி எடுத்தவனைப் பார்க்கும். கபடிக்குப் பெயர்போன ஊர்களில் இருந்து வருகிறவனுக்கு அவன் ஊரே பரிந்துரை. பாலுச்செட்டிச்சத்திரம் நிறுத்தத்தில் பஸ் ஏறி வந்த பையனுக்கு அங்கே யாரைத் தெரியும்? அவனுக்குச் சிபாரிசு செய்ய இருப்பது ஓர் எண் மட்டும்தான். ஆகவேதான் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆள் பலம் இல்லாதவனுக்கு ஸ்டாப்வாட்ச் நல்ல நண்பன். அதைச் சரியான இடத்தில் அழுத்த வேண்டும்.

கண்ணையும் எண்ணையும் எப்படிச் சேர்ப்பது? என் யோசனை இது. காலையில் எல்லோருக்கும் உயரம், எடை, 10 மீட்டர் ஓட்டம், 5-10-5, கை காட்டும் திசையில் 5-10-5. இதற்கு நாலு கூம்பும் இரண்டு செல்போனும் போதும். எடையோடு சேர்த்துப் படித்து, ஏதாவது ஒன்றில் மேலே வந்த அனைவரையும் மதியத்துக்கு நிறுத்த வேண்டும். மதியம் ஆட்டம். ஒவ்வொருவரையும் கார்னர், இன், கவர் என்று மூன்று இடத்திலாவது ஆடவிட வேண்டும். ஏனென்றால், ஊர் அணியில் அண்ணன்மார் எந்த இடத்தை விட்டுக்கொடுத்தார்களோ அந்த இடத்தில்தான் பல பையன்கள் ஆடிப் பழகியிருப்பார்கள். அது அவர்களின் இடம் என்று பொருள் இல்லை. சோதனையில் கீழே வந்து, ஆனால் ஆட்டத்தில் கண்ணில் பட்டவர்களுக்கென்றே பத்தில் இரண்டு இடமாவது ஒதுக்கிவைக்க வேண்டும். ஆர்லாண்டோ பிரவுன்களுக்கான இடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு நாள் வேலை இரண்டு நாள் ஆகும். பயணப்படியும் சாப்பாடும் கூடுதலாகும். ஒரு பையன் விடுதியில் நாலைந்து வருடம் தங்கப்போகிறான், அதற்கான செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

இன்னொன்றையும் செய்யலாம், அதற்குக் காசே ஆகாது. தேர்வானாலும் ஆகாவிட்டாலும் பையன் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவது. அதில் தேதி, உயரம், எடை, மண்ணா மேட்டா, ஷூவா வெறுங்காலா, ஒவ்வொரு சோதனையிலும் இரண்டு முயற்சியின் நேரம். இன்று தேர்வாகாதவன் பெரும்பாலும் பட்டியலில் தன் பெயர் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொண்டு வீடு திரும்புகிறான். எதில் குறைந்தான் என்று அவனுக்கும் தெரியாது, அவனுடைய பள்ளி ஆசிரியருக்கும் தெரியாது. அந்தத் தாள் இருந்தால், கை காட்டும் சோதனையில் அரை விநாடி இழந்தவனுக்கு ஆசிரியர் மாலையில் எதிரே ஒரு ரைடரை நிறுத்திப் பயிற்சி கொடுப்பார். 10 மீட்டரில் இழந்தவனுக்குத் தொடைக்கு வேலை கொடுப்பார். அடுத்த ஆண்டு அவன் அதே தாளோடு வருவான், பக்கத்தில் புது எண்களை எழுதிக்கொள்ள இடம் விட்டிருந்தால் போதும்.